ஜரிகைக்குச் சொன்ன புத்தி

மகனுக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். உன் அம்மாவுக்கு மட்டும் என்மேல் கோபம். அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாள். நீ கேட்ட சாம்பிராணிப் பொடியை நான் அனுப்பப் போவதில்லை. இடித்து, சலித்து, டப்பாவில் அடைத்து, மேலே துணி சுற்றித் தைத்து, உன் விலாசம்கூட எழுதிவிட்டேன். தபால் ஆபீசுக்குப் புறப்பட்டபோது உன் அம்மா வாசலில் வந்து நின்றாள். "அதுல இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சுதான அனுப்பறீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினேன். கூவத்து நாற்றம் தாங்கவில்லை, சாயங்காலம் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, மருமகள் கௌரி ஊதுவத்தி ஏற்றிப் பார்த்தும் பலிக்கவில்லை, அப்பா கையால் இடித்த பொடி இருந்தால் சிந்தாதிரிப்பேட்டையிலும் நம் வீட்டு வாசனை வரும் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டாம் முறையும் படித்தேன். மெட்ராஸில் உத்தியோகம் பார்க்கிற பிள்ளை அப்பன் கடைச் சரக்கைத்தான் கேட்கிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தின் அடியில் நெருக்கி எழுதியிருந்ததை மட்டும் நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. பாப்பாவுக்குக் கொஞ்ச நாளாகச் சளி, மூச்சு விடும்போது நெஞ்சில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வருகிறது, மற்றபடி சுகம். நான் விட்டுவிட்டுப் படித்த அந்த ஒரு வரியைத்தான் உன் அம்மா திரும்பத் திரும்பப் படித்தாள்.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கௌரியும் இதைப் படிக்கட்டும், வேறு யார் படித்தாலும் சரி என்றுதான் எல்லாவற்றையும் சொல்கிறேன். கடையில் உரக்கப் படித்த கடிதத்துக்கு ஒளித்துப் பதில் எழுதுவது நியாயமில்லை. மாகறலில் ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்து, அண்ணன் தம்பிகளோடு ஒத்துப்போகாமல் கோபித்துக்கொண்டு வந்து, பிள்ளையார்பாளையத்தில் நாட்டு மருந்துக் கடை போட்டவன் நான். கடையில் திப்பிலியும் இருந்தது, கடுக்காயும் இருந்தது, ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது புகைப்பொடிதான். சாம்பிராணி, குங்கிலியம், வெண்கடுகு, அகில் தூள், காய்ந்த நொச்சி, கொஞ்சம் வெட்டிவேர். எதை எவ்வளவு போடுவேன் என்று உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை, அது வேறு விஷயம்.

நம் தெருவில் வாடைக்குப் பஞ்சமா? ஒரு வீட்டில் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். அந்த ஆவி மூக்கைத் துளைக்கும். இன்னொரு வீட்டில் சாயத் தொட்டி. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிற நாளில், மிஞ்சின கஞ்சி புளித்து நாறும். வெள்ளிக்கிழமை வந்தால், அல்லது பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், ஜனங்கள் என் கடைக்குத்தான் ஓடி வருவார்கள். பொட்டலம் மடித்துக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் தவறாமல் ஒன்று சொல்வேன். "பூசை ரூம்ல காட்டுங்க, சமயக்கட்டுல காட்டுங்க. தறிப் பக்கம் மட்டும் எடுத்துக்கினு போவாதீங்க. ஜரிகை கறுத்துடும். பட்டுல பொக ஏறிச்சின்னா அப்பறம் இன்னா செஞ்சாலும் போவாது." அதில் எனக்கு ஒரு பெருமை. கடைக்காரன் சரக்கை விற்றோமா என்று இல்லாமல் நம் தறியைப் பற்றியும் யோசிக்கிறானே என்று நெசவுக்காரர்கள் மெச்சுவார்கள்.

உனக்கு மூச்சிழுப்பு எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம் என்று நினைக்கிறேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. விளக்கு வைத்ததும் கடை வாசலில் தூபக்காலில் தணல் போட்டுப் பொடியைத் தூவுவேன். போகிறவர் வருகிறவர் மூக்கில் ஏற வேண்டுமே, அதுதானே வியாபாரம். தெருக்காற்று அந்தப் புகையை அப்படியே உள்ளே தள்ளும். உள்ளே ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. உன் பாயும் துணியும் புத்தகமும் எல்லாம் அதே வாசனை அடிக்கும். வாத்தியார்கூட உன்னைக் கூப்பிட்டு மோந்து பார்த்து, கோயில் மாதிரி மணக்கிறாயேடா என்று சொன்னாராம். நீ வந்து சொன்னாய், நான் பூரித்துப் போனேன். நீ இழுத்தபோது ஆடாதோடையும் தூதுவளையும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஒரு கையால் புகையைப் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் கஷாயம் கொடுத்தவன் நான்.

உன் அம்மா முதலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "ஏங்க, வெளக்கு வச்ச பெறகுதான் இவனுக்கு இழுக்குது. வெள்ளிக்கெழமைன்னா ரொம்ப இழுக்குது. தென்னேரிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போனா ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "ஊர் ஒலகத்துக்கே நான் சொல்றன், நீ எனக்குச் சொல்ல வர்றியா? இது இன்னா பீடிப் பொகயா? அத்தனையும் மூலிகடி" என்று கத்தினேன். மறுநாளிலிருந்து, நான் தணல் எடுக்கப் போகும் நேரம் பார்த்து, உன்னைக் கையைப் பிடித்துப் பக்கத்து வீட்டு ரங்கம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவாள். உனக்கு ஞாபகம் இருக்கும், வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற நெசவுக்காரக் குடும்பம். "ரா நாயனா, கூச்சோ" என்று அந்த அம்மாள் தறிக்குப் பக்கத்தில் உன்னை உட்கார வைத்துக்கொள்வாள். ரங்கம்மாவுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமாம் என்று உன்னிடம் உன் அம்மா சொன்னாளே, அது பொய். தறி இருக்கிற அறையில் புகை வராது, அதனால்தான். நான் சொல்லித்தானே அவர்கள் புகையை அந்தப் பக்கம் விடுவதில்லை? ஜரிகைக்குச் சொன்ன புத்தியை நான் பெற்ற பிள்ளைக்குச் சொல்லவில்லை. இது எனக்கு அப்போதே உறைத்தது. உறைக்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

இருந்தவன் அப்படியே இருந்திருக்கலாம். என் புகை என் பிள்ளைக்கே ஆகவில்லை என்று தெருவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்ற நினைப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்தாயிற்று, தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. கீழத்தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தை விடாமல் இருமியது. "ஏங்க, இந்தப் பொக கொழந்தைங்களுக்கு ஒத்துக்குமா? இவன் இருமிக்கினே இருக்கறான். எங்க மாமியாரு பொக போட்டா சரியாப் பூடும்னு சொல்றாங்க, எனக்குத்தான் பயமா இருக்குது" என்றாள். கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஒத்துக்குமாவா? இன்னாமா இப்படிக் கேட்டுட்ட? என் புள்ள இதுலதான் வளர்றான்" என்றேன். நீ அப்போது ரங்கம்மா வீட்டுப் படியில் ஒரு காலை வைத்துவிட்டாய். "டேய், இங்க வாடா" என்று கூப்பிட்டேன். நீ உன் அம்மா முகத்தைப் பார்த்தாய். அவள் தலையை ஆட்டினாள், போகாதே என்று. நான் இன்னொரு தரம் கூப்பிட்டேன், கொஞ்சம் பலமாக. நீ வந்தாய். உன்னைத் தூக்கித் தூபக்காலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்தேன். இன்னும் ஒரு கைப்பிடிப் பொடியும் அள்ளிப் போட்டேன். "பாத்தியாமா? இருமறானா பாரு."

நீ இருமவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தப் பெண், "கண்ணு கலங்குதே" என்றாள். "பொக பட்டா கலங்காதா?" என்று சிரித்தேன். அவள் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனாள், மற்றவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் தெருமுனை திரும்பும் வரைக்கும் நீ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாய். என் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றிவிட்டான், கெட்டிக்காரன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் உன் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் காதில் விழுந்தது. உதடு நீலம் பாரித்து, முக்காலியிலிருந்து சரிந்துவிட்டாய். எனக்கு எது முதலில் தோன்றியது என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

குதிரை வண்டி பிடித்து உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு மூச்சு கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு, டாக்டர் என்னைப் பார்த்து, வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். விவசாயம் என்று சொன்னேன். மாகறலில் நிலம் இருக்கிறது, பங்கு வருகிறது, அதனால் அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியானால் வைக்கோல் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருக்கும், அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று அவர் சொன்னார். பாவம், அவருக்குக் கிடைத்த சேதி அவ்வளவுதான். திரும்பி வரும்போது வண்டியில் உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "வைக்கோலாம்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். எனக்கு அவள் நாலு பேர் எதிரில் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அதற்கடுத்த வாரமே உன்னைத் தென்னேரியில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அங்கே பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்று உன்னிடம் சொன்னேன். ஏரிக்கரையில் வைத்து நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "நான் இன்னாப்பா தப்பு பண்ணன்? நான் இருமவே இல்லையேப்பா" என்றாய். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிறது. நீ தப்பு பண்ணவில்லை, அப்பன்தான் பண்ணினேன் என்று அன்றைக்கே அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி உன் விரலைப் பிரித்துவிட்டு வந்தேன். எங்கேயோ ஒரு மூலையில், இருமாமல் இருந்தும் அப்பா நம்மை அனுப்பிவிட்டார் என்ற நினைப்பு உனக்கு இருந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

தென்னேரியில் உனக்கு இழுப்பு விட்டது. ஏரிக்காற்றுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். லீவுக்கு நீ வருகிற நாளெல்லாம் உன் அம்மா தணலில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிடுவாள். நான் ஏன் என்று கேட்டதில்லை. நீ பஸ் ஏறியதும் மறுபடி பற்ற வைப்பேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். அந்தக் கீழத்தெருப் பெண் அதற்கப்புறம் சில தரம் வந்தாள், பிறகு வரவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

இப்போது நீ பொடி கேட்கிறாய். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. உனக்கு இது ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாயா? இல்லை, எல்லாம் தெரிந்திருந்தும், கிழவனுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கேட்டாயா? இரண்டாவதாக இருந்தால், மகனே, நீ இன்னும் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாய் என்றுதான் அர்த்தம். இறங்கிவிடு. உன் மகளை என் சந்தோஷத்துக்காக அங்கே உட்கார வைக்காதே. ஊதுவத்தியையும் நிறுத்து. பாப்பாவைக் குழந்தைகளைப் பார்க்கிற நல்ல டாக்டரிடம் தாமதிக்காமல் காட்டு. வீட்டில் என்னென்ன புகைந்தது என்று அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உள்ளதைச் சொல்.

சரி, நாற்றத்துக்கு என்ன செய்வது என்று கேட்பாய். கடைக்காரன் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் எது நாறுகிறது என்று பார். நம் கடையில் ஒரு தரம் மூட்டைக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தபோது, அது தெரியாமல் நான் புகையாகப் போட்டுத் தள்ளினேன். செத்த எலிக்குத் தூபம் காட்டிய மகான் என்று உன் அம்மா இன்னும் என்னைக் கேலி செய்கிறாள். நாற்றத்தின் மேல் வாசனையைப் போட்டால் இரண்டும் சேர்ந்துதான் நெஞ்சுக்குள் போகும். கூவத்தை உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உன் வீட்டு முற்றத்துச் சாக்கடைக்கு அடைப்பு எடுக்கலாம், கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாம். காலையில் காற்று நல்லபடியாக வருகிற நேரம் பார்த்து எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னலையும் திறந்து வை. பாய், தலையணை, பாப்பாவின் தூளித் துணி எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வெயிலில் போடு. வெயிலுக்கு மிஞ்சின வாசனை நான் விற்றதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல், பூஞ்சை வாடை போகும். அடுப்புக்கரியைச் சின்னக் கூடையில் போட்டு ஈரம் தங்குகிற மூலையில் வை, அது வாடையை வாங்கிக்கொள்ளும். எலுமிச்சம்பழத் தோலைத் தூக்கி எறியாமல் அங்கணத்தில் தேய்த்துக் கழுவச் சொல். வெட்டிவேர் வேண்டுமானால் ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளி, ஆனால் ஈரத்திலேயே விட்டால் அதுவும் பூஞ்சை பூத்துப்போகும், அடிக்கடி காய வைக்க வேண்டும். மரிக்கொழுந்தோ மல்லிகையோ எதைக் கொண்டு வந்து வைத்தாலும் முதலில் பாப்பாவைப் பார். அவள் மூக்கைச் சுருக்கினால் வெளியே எறி. இலையாவது பூவாவது, மூலிகை என்று பேர் வைத்துவிட்டால் எல்லாம் நல்லது என்று நம்புகிற முட்டாள்தனத்தை என்னோடு விட்டுவிடு. இதெல்லாம் செய்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் வீட்டை மாற்று. அந்தப் பேட்டைதான் ஆபீசுக்குப் பக்கம் என்று சாக்குச் சொல்லாதே. நானும் அந்த மாதிரிதான் ஒவ்வொன்றுக்கும் சாக்கு வைத்திருந்தேன்.

கடையை என்ன செய்தேன் என்று கேட்காதே. பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இந்த ஒரு வாரமாக வாசலில் தணல் வைப்பதில்லை. பொடி கேட்டு வருகிறவர்களிடம், வீட்டில் இழுப்புக்காரர் உண்டா, கைக்குழந்தை உண்டா என்று கேட்கிறேன். உண்டு என்றால் கொடுப்பதில்லை. "இன்னாபா ஆச்சு உனுக்கு, இத்தன வருசம் கேக்காதத இப்பக் கேக்கற?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். பேத்தி பிறந்த பிறகுதான் புத்தி வந்தது என்று சொல்லலாம், ஆனால் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வராத புத்தி அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் நீயே எழுதேன் என்று உன் அம்மாவைக் கெஞ்சிப் பார்த்தேன். "நான் எழுதுனா நீங்க செஞ்சத நான் சொன்ன மாதிரிதான் இருக்கும். நீங்க சொன்ன மாதிரி இருக்காது" என்று முடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "எம்மேலயும் தப்பு இருக்குது. ஆஸ்பத்திரில நான் வாயத் தொறந்திருக்கணும். புருசன விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு புள்ளய விட்டுக் குடுத்துட்டன்" என்றாள். அதை எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். அவள் தப்பையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைப் பார்க்க நாங்கள் வருகிறோம். என் வேட்டி சட்டையை உன் அம்மா சீயக்காய் போட்டு அலசி வெயிலில் காயப்போட்டிருக்கிறாள். எடுத்து மோந்து பார்த்துவிட்டு இன்னும் போகவில்லை என்கிறாள். என் உடம்பிலேயே ஊறிவிட்டதோ என்னவோ, எனக்கு எதுவும் தெரியவில்லை. குளித்துவிட்டுத்தான் உன் வீட்டுக்குள் வருவேன். ஆனாலும் நான் தூக்கும்போது பாப்பாவுக்கு ஒரு இருமல் வந்தால், அப்பா மனசு கஷ்டப்படுமே என்று நினைக்காதே. என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடு. என் முகத்தைப் பார்க்காதே.

அப்பா